ஓக் படாத இளம் மால்பெக்: கோப்பையில் என்னவெல்லாம் கவனிக்கலாம்

சிவப்பு ஒயினைச் சுவைத்துப் பழக நினைப்பவருக்கு ஓக் மரப் பீப்பாயைத் தொடாத இளம் மால்பெக்கை, அதாவது மால்பெக் என்ற திராட்சையில் செய்த ஒயினை விட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. நிறம் அடர்த்தி, பழமணம் தாராளம், துவர்ப்பு மிதம், விலையும் பெரும்பாலும் கட்டுப்படியாகும். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இதில் முகர்வதும் சுவைப்பதும் ஏறக்குறைய முழுக்கத் திராட்சையிலிருந்தும் நொதித்தலிலிருந்தும் வந்தவை. பீப்பாய் தரும் வனிலாவும் புகையும் குறுக்கே வராது. எது பழத்தின் வேலை, எது மரத்தின் வேலை என்று பிரித்தறிய மூக்கைப் பழக்க வேண்டுமானால், மரமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குவது சுலபம்.

பீப்பாய் என்ன செய்கிறது?

வழக்கமான ஓக் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். செய்யும்போது அதன் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். வாட்டிய மரத்திலிருந்து சில பொருட்கள் ஒயினில் கரைகின்றன. வனிலின் என்பது வனிலா மணம். யூஜினால் என்பது கிராம்பில் இருக்கும் அதே பொருள். லாக்டோன் தேங்காய் மணம் தரும், அமெரிக்க ஓக்கில் இது தூக்கலாக இருக்கும். வறுத்த காப்பிக்கொட்டை, கருகிய ரொட்டி, புகை போன்றவை வாட்டிய அளவைப் பொறுத்து வருபவை. கோப்பையில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் மரம் பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பீப்பாய்க்கு இரண்டாவது வேலையும் இருக்கிறது. பலகைகள் வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் மாதக்கணக்கில் மிகக் கொஞ்சமாக ஆக்சிஜன் உள்ளே போகும். அதனால் நிறப்பொருட்களும், துவர்ப்பைத் தரும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து, துவர்ப்பின் முரட்டுத்தனம் குறையும். இறுக மூடிய எஃகுத் தொட்டியில் இது நடப்பதில்லை. ஆகவே மரமில்லாமல் ஒயின் செய்கிறவர், பின்னால் மிருதுவாகிவிடும் என்று நம்பி டானினை அள்ளி எடுக்க முடியாது. முதலிலேயே அளவாக எடுத்தாக வேண்டும். ஓக் இல்லையென்றால் செலவைக் குறைத்த ஒயின் என்று சொல்வார்கள். பாதி உண்மை. புதிய பிரெஞ்சுப் பீப்பாய் ஒன்றுக்குப் பல நூறு யூரோ ஆகும், அந்தச் செலவு இதில் இல்லை. ஆனால் நல்ல தோட்டத்தின் பழத்தை மரம் மறைக்கக் கூடாது என்றே கான்கிரீட் தொட்டிக்குப் போனவர்கள் அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் இருக்கிறார்கள். அங்கே அல்தாமிராவில் உள்ள சுக்கார்தி ஒயின் ஆலை கான்கிரீட் கலன்களுக்காகவே பெயர் பெற்றது. 1990களிலும் 2000களிலும் புதிய ஓக்கில் ஊறிய கனத்த மால்பெக்தான் நாகரிகமாக இருந்தது. அதற்கு வந்த எதிர்வினை என்றும் இதைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பீப்பாய் இல்லை என்பதால் மரமே இல்லை என்று ஆகிவிடாது. விலை குறைந்த ஒயின்களில் ஓக் சில்லுகளையோ பலகைத் துண்டுகளையோ எஃகுத் தொட்டிக்குள் போட்டு ஊறவைப்பது சாதாரணம். ஏழு எட்டு மாதம் மட்டுமே ஆன மலிவு மால்பெக்கில் வனிலா தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

திராட்சையும் அதன் ஊரும்

மால்பெக் தென்மேற்குப் பிரான்சின் திராட்சை. காவோர் நகரைச் சுற்றி லோத் ஆற்றங்கரையில் நூற்றாண்டுகளாக விளைகிறது, அங்கே கோட் என்ற பெயரும் உண்டு. மரபணுச் சோதனையின்படி இதன் பெற்றோர் மக்தலேன் நுவார் தே ஷராந்த், ப்ருனலார் என்ற இரண்டு பழைய வகைகள். மக்தலேன்தான் மெர்லோ என்ற இன்னொரு சிவப்பு ஒயின் திராட்சைக்கும் தாய். மால்பெக்கில் மெர்லோவின் பிளம்ஸ் சாயல் தெரிகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம், உறவு நிஜம்.

1853இல் பிரெஞ்சு வேளாண் வல்லுநர் மிஷேல் எமே பூஷே, மெண்டோசாவில் தொடங்கிய வேளாண் பள்ளிக்காகப் பிரெஞ்சுக் கொடிகளைக் கொண்டுவந்தார். அவற்றில் மால்பெக்கும் ஒன்று. அந்தத் திட்டத்தின் நினைவாகத்தான் ஏப்ரல் 17 உலக மால்பெக் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பிரான்சில் 1956ஆம் ஆண்டின் கடும் உறைபனி காவோர்த் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. இன்று உலகில் மிக அதிகமாக மால்பெக் வளர்க்கும் நாடு அர்ஜென்டினா, 40,000 ஹெக்டேருக்கும் மேல். அதில் பெரும்பகுதி மெண்டோசா மாகாணத்தில்.

மெண்டோசா பாதிப் பாலைவனம். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. ஆண்டிஸ் மலைப் பனி உருகி வரும் நீரை வாய்க்கால்களிலும் சொட்டுநீர்க் குழாய்களிலும் பாய்ச்சுகிறார்கள். ஈரம் குறைவு என்பதால் பூஞ்சை நோய் குறைவு. பழம் கொடியிலேயே நிதானமாகப் பழுக்கலாம். ஆலங்கட்டி மழைதான் பெரிய பயம், பல தோட்டங்களின் மேல் வலை விரித்திருப்பார்கள். உயரம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். பகல் வெயில் சர்க்கரையையும் நிறத்தையும் சேர்க்கிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. உயரத்தின் கூடுதலான புற ஊதாக் கதிருக்கு எதிராகப் பழத்தோல் தடித்து, நிறப்பொருளை அதிகம் சேர்க்கிறது. கோப்பையில் தெரியும் அந்த மைநிறத்துக்கு ஒரு காரணம் இது.

மரமில்லாமல் எப்படிச் செய்கிறார்கள்

அறுவடை பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். இளம் பாணிக்கான பழத்தைச் சில நாட்கள் முன்னதாகவே பறிப்பார்கள். காம்பை நீக்கி, லேசாக நசுக்கி, தோலோடு நொதிக்க விடுவார்கள். கனமான ஒயினுக்கு 28 முதல் 30 டிகிரி வரை விடுவது உண்டு. இதற்கு 22 முதல் 26 டிகிரி போதும். வெப்பம் கூடினால் பூமணமும் பழமணமும் ஆவியோடு போய்விடும், டானினும் மிகுதியாக இறங்கும். மேலே மிதக்கும் தோல்களின்மீது சாற்றை இறைத்து ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாளில் பிழிந்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால், கூடிவிட்ட ஆல்கஹால் விதையிலிருந்து கசப்பான டானினைக் கரைக்கத் தொடங்கும். தோலின் நிறமோ முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் வந்துவிடுகிறது.

பிறகு பாக்டீரியாக்கள் கூரிய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். சிவப்பு ஒயினில் இது வழக்கமான கட்டம்தான். இது தொட்டியிலேயே நடக்கும். சில மாதம் எஃகிலோ கான்கிரீட்டிலோ வைத்துத் தெளியவிட்டு அடைத்துவிடுவார்கள். தெற்கு அரைக்கோளம் என்பதால், மார்ச்சில் பறித்த பழம் அதே ஆண்டு முடிவதற்குள் ஒயினாகப் பாட்டிலில் இருக்கக்கூடும்.

சிலர் நசுக்காத முழுப் பழக் கொத்துகளைக் கரியமில வாயு நிறைந்த மூடிய தொட்டியில் வைத்துத் தொடங்குவார்கள். அப்படிச் செய்த மால்பெக்கில் வாழைப்பழமும் பபிள்கம்மும் கலந்த ஒரு மணம் தலைகாட்டும். அது கெட்டதன் அடையாளம் அல்ல, செய்முறையின் முத்திரை.

முதலில் வெப்பநிலை

எல்லாக் குறைகளையும்விட அதிகமாக இந்த ஒயினைக் கெடுப்பது தவறான வெப்பம். 14 முதல் 16 டிகிரியில் பரிமாற வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்ற பேச்சு 18 டிகிரி இருந்த பழைய ஐரோப்பிய வீடுகளுக்கு உரியது, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மேசைமேல் கிடக்கும் பாட்டிலுக்குப் பொருந்தாது. 30 டிகிரியில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழம் ஜாம் போலாகும், புளிப்பு காணாமல் போகும். குளிர்பதனப் பெட்டியில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் சரியான அளவுக்கு வரும். அவசரமென்றால் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர் உள்ள வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெறும் பனிக்கட்டியில் செருகுவது தாமதம். தண்ணீர்தான் பாட்டிலை முழுக்கத் தொட்டுக் குளிர்விக்கும்.

அதற்காக 8 டிகிரிக்குக் கொண்டுபோகவும் கூடாது. மணம் அடங்கிவிடும், டானின் கரடுமுரடாகத் தெரியும். மிகவும் குளிர்ந்துவிட்டால் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டால் போதும்.

வாய் சற்றே குறுகிய, 350 முதல் 450 மில்லி கொள்ளும் கண்ணாடிக் கோப்பை நல்லது. 60 முதல் 75 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம், மேலே மணம் தங்க இடம் வேண்டும். அறையில் ஊதுபத்தி, மல்லிகை, வாசனைத் திரவியம் எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஒயினின் பூமணம் மெலிது, மல்லிகைக்கு முன்னால் நிற்காது.

கண், மூக்கு, வாய்

வெள்ளைத் தாளின்மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒளி புகாத கருமை, ஓரத்தில் பளிச்சென்ற ஊதா கலந்த சிவப்பு. அந்த ஓர நிறம்தான் இளமையின் அடையாளம். ஆண்டுகள் போகப்போக அது மாதுளைச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறமாகும். இளம் மால்பெக் என்று விற்கப்படும் ஒயினில் ஓரம் பழுப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். கண்ணாடியில் வழியும் கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்பவர்களை நம்ப வேண்டாம், அவை பெரும்பாலும் ஆல்கஹாலின் வேலை.

அடர்நிறத்தைக் கண்டதும் கனமான ஒயின் என்று மனம் தீர்ப்பெழுதிவிடும். கண் மூக்கை ஏமாற்றுவதற்கு பிரான்சின் பொர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு ஒரு நல்ல சான்று. மணமில்லாத சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேர் முகர்ந்து, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்து முடித்தபின், கண்ணை மூடிக்கொண்டு முகர்வது வீண் நாடகம் அல்ல.

கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், பின் சுழற்றி இன்னொருமுறை. பிளம்ஸ், கறுப்புச் செர்ரி, பிளாக்பெரி, புளூபெரி ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் பழங்கள். எந்தப் பழம் என்று திணறுவதைவிட, அந்தப் பழம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது பயனுள்ளது. அரைப்பழமா, நன்றாகப் பழுத்ததா, வேகவைத்ததா, காய்ந்ததா? ஓக் படாத இளம் மால்பெக்கில் அது பழுத்த, ஆனால் வேகாத பழமாக இருக்க வேண்டும். ஜாம், உலர்திராட்சை என்று மணந்தால் பழம் கொடியில் மிஞ்சிப் பழுத்திருக்கிறது, அல்லது பாட்டில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது.

வயலட் பூ மணம் மால்பெக்கின் புகழ்பெற்ற அடையாளம். இந்த மணத்துக்குக் காரணமான அயனோன் வகைப் பொருட்கள் மூக்கைச் சட்டென மரக்கச் செய்பவை. ஒருகணம் தெரியும், அடுத்த மூச்சில் இருக்காது, அரை நிமிடம் கழித்துத் திரும்ப வரும். மரபணு வேறுபாட்டால் சிலருக்குப் பீட்டா அயனோன் அறவே தெரிவதில்லை. மற்றவர் சொல்லும் பூ உங்களுக்கு வரவில்லை என்றால் பயிற்சிக் குறைவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி வாய். ஒரு மேசைக்கரண்டி அளவு, அதாவது 10 முதல் 15 மில்லி, எடுத்து ஐந்தாறு விநாடி நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். உதட்டைக் குவித்துச் சிறிது காற்றை உள்ளே இழுத்தால் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிடலாம். நான்கைந்து ஒயின் சுவைக்கும்போது துப்பாமல் இருந்தால் மூன்றாவதற்கு மேல் எழுதுவது எதுவும் செல்லாது.

தொடக்கக்காரர்கள் அனைவரும் தடுமாறும் இடம் இனிப்பு. 'ஸ்வீட்டாக இருக்கிறதே' என்பார்கள். இத்தகைய ஒயினில் மிச்சச் சர்க்கரை பெரும்பாலும் லிட்டருக்கு 4 கிராமுக்கும் குறைவு. இனிப்பாகத் தோன்றுவது பழுத்த பழமணமும் ஆல்கஹாலும் சேர்ந்து செய்யும் வேலை. சோதிக்க எளிய வழி: மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். இனிப்பு மறைந்து புளிப்பும் துவர்ப்பும் மட்டும் மிஞ்சினால் அது மணம் தந்த மயக்கம். மூக்கைப் பிடித்தும் இனிக்கிறது என்றால் உண்மையிலேயே சர்க்கரை இருக்கிறது, மலிவு வகைகளில் வேண்டுமென்றே சிறிது விட்டுவைப்பதுண்டு.

புளிப்பை அளக்க, துப்பியபின் தாடைக்கடியில் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று பாருங்கள். வெயில் மிகுந்த தாழ்நிலத் தோட்டங்களில் புளிப்பு குறைந்துவிடுவதால் நொதிக்கும் முன் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது மெண்டோசாவில் வழக்கம். நன்றாகச் சேர்த்தால் தெரியாது. தப்பினால், பழத்தோடு ஒட்டாமல் எலுமிச்சை பிழிந்தது போலத் தனித்து நிற்கும்.

டானினுக்கு நாவல் பழத்தை நினைத்துக்கொள்ளலாம். பழம் உள்ளே போனதும் நாக்கும் ஈறும் உலர்ந்து பிடிக்குமே, அதுதான். அதன் வலிமையை மட்டும் பார்க்காமல் அதன் பதத்தையும் பாருங்கள். நுண்ணிய மாவு தடவியது போலிருந்தால் நன்றாக எடுத்திருக்கிறார்கள். பட்டை உரசுவது போலவும் கடைசியில் கசப்பாகவும் இருந்தால் விதையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அல்லது ஒயின் அளவுக்கு மேல் குளிர்ந்திருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி சுவைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஆல்கஹால் 13 முதல் 14.5 சதவீதம் வரை இருக்கும். விழுங்கியபின் தொண்டையில் சூடு தெரியலாம், எரியக் கூடாது. காரமான உணவோடு குடித்தால் ஆல்கஹாலும் டானினும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். அப்போது 13 டிகிரி வரை குளிர வைப்பது நல்லது. அர்ஜென்டினாவில் இதன் துணை தணலில் வாட்டிய மாட்டிறைச்சி. கொழுப்பும் உப்பும் டானினைத் தணிக்கின்றன.

மூக்கு சுளித்தால்

பாட்டிலைத் திறந்ததும் அணைத்த தீக்குச்சி, வெங்காயம், அழுகிய முட்டை போன்ற நாற்றம் வந்தால் உடனே ஊற்றிக் கொட்ட வேண்டாம். எஃகுத் தொட்டியில் காற்றில்லாமல் இருந்து, திருகு மூடி போட்ட இளம் ஒயின்களில் கந்தகச் சேர்மங்கள் தங்கிவிடுவதுண்டு. ஒரு கூஜாவுக்கு வேகமாக ஊற்றி, இரண்டொரு முறை மாற்றி ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் அது ஆழமான குறை.

நனைந்த செய்தித்தாள், ஈரமான அட்டைப்பெட்டி மணம் வேறு கதை. அது கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற பொருள், காற்றுப்பட்டால் இன்னும் மோசமாகும். பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். நகப்பூச்சு நீக்கி, வினிகர் நெடி என்றால் அசிட்டிக் பாக்டீரியாவின் வேலை. இளம் ஒயினில் வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த வாடை வந்தால் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது. குதிரைலாயம், பழைய பிளாஸ்திரி மணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டால் வருவது. பழைய பீப்பாய்கள் அதற்கு நல்ல வீடு என்பதால் ஓக் படாத ஒயினில் குறைவாகவே எதிர்ப்படும்.

ஊருக்கு ஊர்

மெண்டோசாவின் கிழக்குச் சமவெளி, 600, 700 மீட்டர் உயரத்தில், மென்மையான, எளிய, பழுத்த பிளம்ஸ் ஒயின்களைத் தரும். லுஹான் தெ குயோ ஏறத்தாழ 900 முதல் 1,100 மீட்டர். செம்பழமும் கறும்பழமும் கலந்து உருண்டு திரண்ட வாய்நிறைவு. ஊகோ பள்ளத்தாக்கு 900இல் தொடங்கி 1,500 மீட்டருக்கு ஏறும். வயலட், புளூபெரி, சில நேரம் தைம் போன்ற பச்சிலை, மேலே தூக்கலான புளிப்பு. அல்தாமிரா, குவால்தஜாரி பகுதிகளின் சுண்ணாம்பு கலந்த மண்ணில் விளைந்த ஒயினின் டானினைச் சாக்கட்டி போன்றது என்று வருணிப்பார்கள். வாயில் அந்த உணர்வு வருவது உண்மை. மண்ணிலுள்ள சுண்ணாம்பே நேராகக் கோப்பைக்கு வந்துவிட்டது என்பது மட்டும் உண்மையல்ல, வேர் அப்படி எதையும் கடத்துவதில்லை. அர்ஜென்டினாவின் வடக்கே சால்தா மாகாணத்தில் 3,000 மீட்டரைத் தாண்டியும் மால்பெக் கொடி இருக்கிறது. கறுத்து, செறிந்து, மிளகுக் காரத்தோடு வரும் ஒயின் அது.

காவோர் ஒயினில் சட்டப்படி குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும், மீதிக்கு மெர்லோவும், தனா என்ற திராட்சையும். ஓக் இல்லாமல் செய்த காவோரும் கிடைக்கும். பழ இனிப்பின் சாயல் குறைவு, புளிப்பும் பிடிப்பும் கூடுதல், இரும்பு, புகையிலை போன்ற மணம். மெண்டோசாவில் பழகியவருக்கு முதல் வாய் கடுமையாகப் படும். பிரான்சிலேயே லுவார் பகுதியின் தூரேனில் கோட் என்ற பெயரில் வரும் ஒயின் இன்னும் மெலிது, மிளகுத் தன்மையோடு.

மரத்தின் பங்கை அறிய மலிவான, உறுதியான பயிற்சி ஒன்று உண்டு. ஒரே தயாரிப்பாளரின் ஓக் படாத மால்பெக்கையும், ஓக்கில் வைத்த மால்பெக்கையும் ஒரே அறுவடை ஆண்டில் வாங்கி, பாட்டில்களைத் துணியால் சுற்றி, யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். முகர்ந்து எது எது என்று எழுதிவிட்டுத் துணியை அவிழ்க்கவும். ஒன்றில் வயலட் முன்னே நிற்க, மற்றதில் வனிலாவுக்குப் பின்னால் அது ஒளிந்திருப்பது அநேகமாக முதல் முறையே புரிந்துவிடும்.

வாங்கும்போது பின்லேபிளைப் படியுங்கள். ஸ்பானிய மொழியில் 'சின் மதேரா' என்றிருந்தால் மரமில்லை. 'ஹோவன்' என்றால் இளம் ஒயின், பெரும்பாலும் மரமில்லாதது. 'ரோப்ளே', 'பாரிகா' என்றால் ஓக் உண்டு. அர்ஜென்டினாவில் 'ரெசெர்வா' என்ற சொல் சிவப்பு ஒயினுக்குக் குறைந்தது 12 மாத முதிர்வைக் குறிக்கிறது, ஓக்கைக் கட்டாயமாக்குவதில்லை. ஆனாலும் நடைமுறையில் அங்கே மரம் இருக்க வாய்ப்பு அதிகம். அறுவடை ஆண்டு இரண்டு மூன்று வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். இந்த ஒயின் வைத்திருந்து குடிப்பதற்கல்ல, வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்கும் பழைய பாட்டிலுக்குத் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். வீட்டில் 12 முதல் 15 டிகிரியில் வைக்க வசதி இல்லையென்றால் குளிர்பதனப் பெட்டியின் கதவருகே சில வாரம் வைப்பது, 32 டிகிரி அலமாரியில் வைப்பதைவிட எவ்வளவோ மேல். திறந்த பாட்டிலை இறுக மூடி அதே பெட்டியில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பூமணம் முதல் நாளிரவே குறையத் தொடங்கும், பழம் அதற்குப் பிறகு.